எங்கள் கடைத்தெரு வேப் கடை: ஒரு பயனீட்டாளர் மதிப்பீடு

மலேசியாவின் கோலா சிலாங்கூர் மாவட்டத்தின் உட்புறத்தில், நாலாபக்கமும் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்திருக்கும் எங்கள் சிறு பட்டணத்தில், வேப் என்று வழங்கும் மின்சிகரெட்டைத் தடை செய்யவேண்டுமா என்ற விவாதம் ஒரே ஒரு கடையைப் பற்றிய பேச்சாகத்தான் நடக்கிறது. கடைத்தெருவின் கோடியில், மாடியில் டியூஷன் நிலையம் இயங்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் வேப் கடை அது. அதை இழுத்து மூடவேண்டும் என்று கோயில் கூட்டத்தில் ஒருவர் எழுந்து பேசினால், ஒட்டுக்கடைகளில் விற்கும் கள்ளச் சிகரெட்டை முதலில் நிறுத்துங்கள் என்று அதே கூட்டத்தில் இன்னொருவர் பதில் சொல்கிறார். இரு தரப்பிலும் பேசுபவர்களில் பெரும்பாலோர் அந்தக் கடைக்குள் கால் வைத்தவர்கள் அல்லர். எனவே, ஒரு கடையை எப்படி மதிப்பிடவேண்டுமோ அப்படி அதன் பொருள், விலை, நடத்தை, பேச்சு ஆகியவற்றைப் பார்த்து எழுதுவது இந்த விவாதத்துக்குப் பயன்படும் என்று கருதினேன்.

நான் தோட்ட மருந்தகத்தில் மருத்துவ உதவியாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன். ஊரில் இன்றும் என்னை டிரஸ்ஸர் என்றே அழைக்கிறார்கள். நான் எதையும் புகைப்பவன் அல்லன். ஆயினும் நிக்கோட்டின் மனித உடலில் என்ன செய்யும் என்பதையும், அதை விட்டுவிட முயல்பவர் படும் பாட்டையும் அருகிலிருந்து பார்த்தவன். கடையின் பெயரையும் உரிமையாளரின் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. இதேபோன்ற கடை தோட்டப்புறத்தை ஒட்டிய பட்டணங்கள் பலவற்றில் இருக்கிறது. நான் சொல்வதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

கடை பார்வைக்குத் துப்புரவாக இருக்கிறது. முன்பு வாசலுக்கு மேலே புகை விடும் இளைஞனின் படம் போட்ட பெரிய பலகை இரவு முழுவதும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. வேப் விளம்பரப் பலகைகளை அகற்றவேண்டும் என்று மாநில அரசு 2025ஆம் ஆண்டில் கண்டிப்புக் காட்டிய பிறகு அது இறங்கிவிட்டது. இப்போது உள்ளே இருப்பது தெருவுக்குத் தெரியாதவாறு கண்ணாடிக் கதவில் கறுப்புத் தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்பனை இல்லை என்ற அறிவிப்பு மலாய் மொழியில் கண்ணில் படும்படி தொங்குகிறது. உள்ளே குளிர்சாதன வசதியும் நல்ல வெளிச்சமும் உண்டு. கல்லாவில் நிற்கும் தம்பி பணிவாகப் பேசுகிறார். வாங்காமல் கேள்வி மட்டும் கேட்பவரையும் முகம் சுளிக்காமல் நடத்துகிறார்.

வயதுச் சோதனை எப்படி நடக்கிறது என்று பார்ப்பதற்காக, இடைநிலைப்பள்ளி விடும் நேரத்தில் எதிரே இருக்கும் ரொட்டிச் சானாய்க் கடையில் பல நாள்கள் உட்கார்ந்திருக்கிறேன். சீருடையோடு வரும் பிள்ளைகள் உள்ளே விடப்படுவதில்லை. இளமையாகத் தோன்றுகிறவர்களிடம் மைகார்டு என்னும் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே விற்கிறார்கள். இதை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. 2024 அக்டோபர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த, சட்டம் 852 என்று வழங்கும் புகைபொருள் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு இந்தக் கடை பயந்து நடக்கிறது என்பதற்கு அதுவே சான்று. ஆனால் சரக்கு வாங்கிக்கொண்டு வெளியே வரும் இருபது வயது இளைஞனுக்காகப் பக்கத்துச் சந்தில் மோட்டாரில் காத்திருப்பவர்கள் படிவம் இரண்டோ மூன்றோ படிக்கும் பிள்ளைகள். ஆளுக்குச் சில வெள்ளி போட்டுக் கூட்டாக வாங்கி, ஒன்றையே மாற்றி மாற்றி இழுக்கிறார்கள். கடையின் பொறுப்பு வாசற்படியோடு முடிந்துவிடுகிறது. கேட்டால், வெளியே நடப்பதற்கு நாங்கள் என்ன செய்யமுடியும் என்கிறார் அந்தத் தம்பி. அவரளவில் அது உண்மையான பதில்தான். அங்கிருந்துதான் என் மதிப்பீடு கடையை விட்டுப் பொருளின் பக்கம் திரும்பவேண்டியிருக்கிறது.

இனி பொருள். அலமாரியின் ஒரு பக்கத்தில் மின்கலமும் திரவமும் சேர்ந்தே வரும், தீர்ந்ததும் எறிந்துவிடவேண்டிய கருவிகள். மறுபக்கத்தில் திரும்பத் திரும்ப நிரப்பிக்கொள்ளும் கருவிகளும், வாடிக்கையாளர்கள் ஜூஸ் என்று சொல்லும் திரவக் குப்பிகளும். எல்லாம் வேலை செய்யும் விதம் ஒன்றே. புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிக்கோட்டின், வாசனைப்பொருள் ஆகியவை கலந்த திரவம் பஞ்சில் ஊறியிருக்கிறது, மின்கலத்தின் சக்தியால் ஒரு கம்பிச்சுருள் சூடாகி அதை நுண்துளிப் புகையாக்குகிறது, அதை இழுக்கிறார்கள். இங்கே எரிதல் இல்லை என்பது உண்மை. எரிதல் இல்லாததால் சிகரெட்டில் உள்ள தாரும் கார்பன் மோனாக்சைடும் இல்லை என்பதும் உண்மை. இந்தக் கருவிகளை விற்பவர்கள் இவ்விரு உண்மைகளையும் நன்றாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் சொல்லாத மூன்றாவது உண்மை ஒன்று இருக்கிறது. இப்போதைய திரவங்களில் பெரும்பாலும் நிக்கோட்டினை ஓர் அமிலத்தோடு சேர்த்து உப்பாக்கி விடுகிறார்கள். அப்படிச் செய்தால் தொண்டை எரிச்சல் குறையும். அதனால் அதிக அளவு நிக்கோட்டினைக்கூட இருமாமல் உள்ளே இழுக்கமுடியும். முதல் சிகரெட்டை இழுக்கும் பையனுக்கு வரும் இருமலும் தலைசுற்றலும் இயற்கை அவனுக்குத் தந்த எச்சரிக்கை. அந்த எச்சரிக்கையைத்தான் இந்தப் பொருள் எடுத்துவிடுகிறது.

சுவைகளின் பட்டியல் நீளமானது. மாம்பழம், தெம்பிக்காய், திராட்சை, லிச்சி, சிராப் பண்டோங், தே தாரிக், செண்டோல், இவற்றில் பாதிக்குக் குளிர்ச்சி சேர்த்த இன்னொரு வகை. புகையிலைச் சுவை இருக்கிறதா என்று கேட்டபோது, கீழ்த்தட்டில் தேடி எடுத்துத் தந்தார் அந்தத் தம்பி; அதை யாரும் கேட்பதில்லை என்றும் சொன்னார். நாற்பது வயதுத் தொழிலாளி சிகரெட்டை விடுவதற்காகவே இந்தக் கடை இருக்கிறது என்றால், அவருக்குப் பழகிய சுவை கைக்கெட்டும் தட்டில் இருந்திருக்கும்.

இந்தக் கடையில் நான் கண்டவற்றுள் முக்கியமானதாக நினைப்பது ஒரு கேள்வியை. நான் கருவி ஒன்றைப் பற்றி விசாரித்தவுடன், "அங்கிளுக்கு என்ன ஃபிளேவர் பிடிக்கும்? மாம்பழமா, தெம்பிக்காயா?" என்றார் அவர். நான் புகைபிடிப்பவனா என்று கேட்கவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்றும் கேட்கவில்லை. புகையை விட வைக்கும் மருத்துவத்தில் நாங்கள் முதலில் கேட்பது, காலையில் கண்விழித்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்டைப் பற்றவைக்கிறீர்கள் என்பதுதான். ஐந்து நிமிடத்துக்குள் பற்றவைப்பவருக்கு நிக்கோட்டின் அடிமைத்தனம் கடுமையாக இருக்கிறது என்று பொருள், அவருக்குத் தரும் மருந்தின் அளவும் அதைப் பொறுத்தே அமையும். நான் எப்போதும் புகைத்ததில்லை என்று நானாகவே சொன்ன பிறகும், அப்படியானால் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. நிக்கோட்டின் குறைவான குப்பி ஒன்றை எடுத்துக்காட்டினார். அவர் நல்ல பிள்ளை. அவருக்குச் சொல்லிக்கொடுத்த வியாபாரம் அப்படி. ஆனால் சிகரெட்டை விட உதவும் சாதனம் என்ற பெயரில் ஒரு பொருளுக்காக நாடாளுமன்றம்வரை வாதாடப்படும்போது, அதை விற்கும் இடத்தில் அந்த நோக்கம் பற்றிய ஒரு சொல்கூடக் காதில் விழாதது மிகப் பெரிய குறை என்று நான் கருதுகிறேன்.

குப்பிகளின் மேல் ஒட்டியுள்ள தாள்களையும் வாசித்தேன். சிலவற்றில் நிக்கோட்டின் அளவும் எச்சரிக்கையும் ஒழுங்காக அச்சாகியிருக்கின்றன. சிலவற்றில் தயாரிப்பாளரின் முகவரியே இல்லை. தோட்ட மருந்தகத்தில் வேலை செய்தவனுக்கு இது உறுத்தாமல் இருக்கமுடியாது. நச்சுப்பொருள் அலமாரியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் வைத்திருப்பதும், கொடுத்த ஒவ்வொன்றையும் பதிவேட்டில் எழுதுவதும் எங்கள் அன்றாட வழக்கம். 1952ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டத்தின் பட்டியலில் நிக்கோட்டின் இருந்தவரை, நிக்கோட்டின் கலந்த வேப் திரவத்தைச் சாதாரணக் கடையில் விற்பது குற்றம். 2023 மார்ச் 31ஆம் தேதி, வேப் திரவத்தில் உள்ள நிக்கோட்டினை அந்தப் பட்டியலிலிருந்து அரசாங்கம் எடுத்துவிட்டது; மறுநாளிலிருந்து ஒரு மில்லிலிட்டருக்கு 40 சென் வீதம் வரி வசூலிக்கத் தொடங்கியது. புதிய கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்புக்கு வந்ததோ அடுத்த ஆண்டு அக்டோபரில். இடைப்பட்ட ஒன்றரை ஆண்டில், பத்து வயதுப் பிள்ளைக்கு நிக்கோட்டின் திரவத்தை விற்றாலும் தடுப்பதற்கு நாடளாவிய சட்டம் ஒன்றும் இருக்கவில்லை. எங்கள் ஊர்க் கடை திறக்கப்பட்டது அந்த இடைவெளியில்தான். அப்போது உள்ளே போய்வந்த பிள்ளைகள் இப்போது வயது வந்தவர்களாகி, முறைப்படி மைகார்டைக் காட்டி வாங்குகிறார்கள்.

அந்தச் சட்டமே குறைபட்டுத்தான் பிறந்தது என்பதையும் சொல்லவேண்டும். 2022ஆம் ஆண்டில் அப்போதைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின் கொண்டுவந்த மசோதாவில், 2007 ஜனவரி 1 அன்றும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குச் சிகரெட்டையும் வேப்பையும் எந்த வயதிலும் விற்கக்கூடாது என்ற விதி இருந்தது. அது கூட்டரசு அரசமைப்பின் 8ஆம் பிரிவு உறுதிசெய்யும் சமத்துவத்துக்கு முரணாகும் என்று சட்டத்துறைத் தலைவர் கருத்துரைத்ததால், அந்த விதி நீக்கப்பட்டு, 2023 நவம்பர் 30ஆம் தேதி மக்களவையில் மசோதா நிறைவேறியது. அந்த விதி நின்றிருந்தால், ஒட்டுமொத்தத் தடை என்ற பேச்சுக்கே இன்று இத்தனை அவசரம் இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

விலையைப் பொறுத்தவரை கடை மலிவுதான். 15 மில்லிலிட்டர் குப்பி ஒன்று 20 ரிங்கிட்; அளவாக இழுப்பவருக்கு ஒரு வாரம் வரும் என்கிறார்கள். சட்டப்படி விற்கும் சிகரெட் பாக்கெட் ஒன்று 17 ரிங்கிட்டைத் தாண்டிவிட்டது. அதில் கலால் வரி மட்டுமே 8 ரிங்கிட்டுக்குக் குறையாது. அந்தக் குப்பிக்கோ வரி 6 ரிங்கிட். நாளொன்றுக்கு ஒரு பாக்கெட் பிடிக்கும் தொழிலாளி வாரத்தில் நூறு வெள்ளிக்குமேல் மிச்சப்படுத்தலாம் என்பது கடைக்காரரின் கணக்கு. அந்தக் கணக்கில் பிழையில்லை. ஆனால் அதே மலிவுதான் இதைப் பள்ளிப் பிள்ளையின் கைச்செலவுக்குள் கொண்டுவருகிறது.

தீர்ந்துபோன கருவிகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு கடையில் இல்லை. ஒவ்வொன்றிலும் லித்தியம் மின்கலம் இருக்கிறது. எங்கள் பகுதியில் குப்பையை வீட்டுக்குப் பின்னால் கூட்டி எரிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. நெருப்பில் விழும் லித்தியம் மின்கலம் வெடிக்கக்கூடும். ஒரு பெட்டியை வைத்துச் சேகரிப்பதற்குப் பெரிய செலவு ஆகாது. உரிமையாளர் இதையாவது உடனே செய்யவேண்டும்.

கடைக்கு ஆதரவாகப் பேசுபவர்களில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். செம்பனைக் குலை ஏற்றும் லாரியை ஓட்டுபவர். சிறு வயதிலிருந்தே சிகரெட் பிடித்தவர், நிக்கோட்டின் சுவிங்கம் மென்று பார்த்தும் விடமுடியாமல், இந்தக் கடையில் கருவி வாங்கிய பிறகு சிகரெட்டை முற்றாக நிறுத்திவிட்டார். அவருடைய இருமல் குறைந்தது எனக்கே தெரியும். "டிரஸ்ஸர் ஐயா, இதை மூடிட்டா நான் மறுபடியும் சிகரெட்டுக்குத்தான் போவேன்" என்று அவர் என்னிடம் நேராகச் சொன்னார். அவர் சொல்வதைத் தள்ளிவிட்டு எழுதப்படும் எந்த மதிப்பீடும் நேர்மையானதாகாது. இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு 2015ஆம் ஆண்டிலேயே, வேப் பிடிப்பது சிகரெட்டைவிட ஏறத்தாழ 95 விழுக்காடு தீங்கு குறைந்தது என்று மதிப்பிட்டது. அங்கே மருத்துவர்களே புகைப்பவர்களுக்கு அதைப் பரிந்துரைக்கிறார்கள். எனினும் அதே பிரிட்டன், ஒருமுறை பயன்படுத்தி எறியும் கருவிகளின் விற்பனையை 2025 ஜூன் 1 முதல் தடை செய்துவிட்டது. புகைப்பவருக்கு மருந்தாகக்கூடியது புகைக்காத பிள்ளைக்குப் பொறியாகிறது என்பதை, வேப்புக்கு மிகவும் ஆதரவாக இருந்த நாடே கண்டுகொண்டது.

நம் நாட்டில் எது நடக்கிறது என்பதற்குத் தேசிய அளவிலான இளையோர் சுகாதார ஆய்வு விடை தருகிறது. 13 முதல் 17 வயதுவரை உள்ள மாணவர்களில் வேப் பிடிப்பவர்கள் 2017ஆம் ஆண்டில் 9.8 விழுக்காடாக இருந்தார்கள். 2022ஆம் ஆண்டில் 14.9 விழுக்காடாகிவிட்டார்கள். அதே காலத்தில் சிகரெட் பிடிக்கும் மாணவர்கள் 13.8 விழுக்காட்டிலிருந்து 6.2 விழுக்காட்டுக்குக் குறைந்தார்கள். சிகரெட் குறைந்ததே நல்லதுதானே என்று சிலர் இந்தக் கணக்கை எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் சிகரெட்டைக் கையிலெடுக்கவே துணியாத பிள்ளைகளும், குறிப்பாக மாணவிகளும், மாம்பழ வாசனையில் இதைத் தொடுவதை எங்கள் ஊரில் பார்க்கிறோம். இங்கே பெண்பிள்ளையிடமிருந்து சிகரெட் வாசம் வீசினால் வீடே கலங்கிவிடும். பழ வாசம் வீசினால் மிட்டாய் என்று நினைத்துவிடுகிறார்கள்.

குப்பிக்குள் என்ன இருக்கிறது என்பது இன்னொரு கவலை. 2019இல் அமெரிக்காவில் வேப் பிடித்தவர்களுக்குக் கடுமையான நுரையீரல் பாதிப்பு ஏற்பட்டது; 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் பாதிக்கப்பட்டு 68 பேர் இறந்தார்கள். அதற்கு முதன்மைக் காரணம், கஞ்சாச் சத்து கலந்த திரவங்களில் சேர்க்கப்பட்ட வைட்டமின் இ அசிட்டேட் என்று பிறகு தெரியவந்தது. ஆகவே எங்கள் கடையில் உள்ள சாதாரணக் குப்பிகளின்மேல் அந்தச் சாவுகளைச் சுமத்துவது சரியல்ல. ஆனால் நிறமும் மணமும் கூட்டிய ஒரு திரவத்துக்குள் எதைக் கலந்தாலும் வாங்குபவரால் கண்டுபிடிக்கமுடியாது என்ற பாடம் அதில் இருக்கிறது. சிங்கப்பூரில் எட்டோமிடேட் கலந்த வேப் பரவியதால், அந்தப் பொருளை 2025 செப்டம்பர் 1 முதல் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்தார்கள். எட்டோமிடேட் என்பது அறுவைச் சிகிச்சைக்குமுன் நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்துவதற்காக, மூச்சையும் இதயத்தையும் கண்காணித்துக்கொண்டு ஊசிவழியே செலுத்தும் மருந்து. அது ஒரு பள்ளிப் பையனின் சட்டைப்பையில் இருக்கமுடியும் என்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. நம் நாட்டுக் காவல்துறையும் செயற்கைப் போதைப்பொருள் கலந்த வேப் திரவங்களைப் பலமுறை கைப்பற்றியிருக்கிறது. எங்கள் கடையில் அப்படி எதுவும் விற்பதாக நான் கேள்விப்படவில்லை. கைப்பேசிக் குழுக்கள்வழியே, முகம் தெரியாத ஆள் மோட்டாரில் கொண்டுவந்து தருவதுதான் அந்தச் சரக்கு. ஆனால் இரண்டும் ஒரே கருவியில் பொருந்துகின்றன. சட்டப்படி வாங்கிய கருவி கையில் இருக்கும்போது, சட்டப்படி அல்லாத திரவத்தை அடையாளம் காண ஆசிரியராலோ பெற்றோராலோ முடியாது.

தடை செய்தால் கள்ளச் சந்தைதான் வளரும் என்ற வாதம் எங்கள் ஊரில் எளிதாக எடுபடுகிறது. ஏனென்றால் கள்ளச் சிகரெட் இங்கே கண்ணெதிரில் விற்கிறது. அந்த வாதத்துக்கு நான் பதில் தேடும் இடம் எங்கள் தோட்டமே. பாரகுவாட் களைக்கொல்லி இந்தத் தோட்டங்களில் எத்தனை பேரின் நகத்தையும் தோலையும் கண்ணையும் அரித்தது என்பதை மருந்தகத்தில் கட்டுப்போட்ட கை அறியும். அதைக் குடித்துவிட்டு வந்தவர்களுக்குத் தருவதற்கு மாற்றுமருந்தே கிடையாது. 2002ஆம் ஆண்டில் அதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அரசாங்கம் அறிவித்தபோது, அதற்கு ஈடான மலிவான மருந்து இல்லை, தொழில் நொடிந்துவிடும் என்று எதிர்ப்புக் கிளம்பியது. 2006இல் அந்த முடிவு தளர்த்தப்பட்டது. பெண்களின் உரிமைக்காகப் பாடுபடும் தெனகானித்தா போன்ற அமைப்புகள் மருந்து தெளிக்கும் பெண்களின் நிலையை விடாமல் எடுத்துச்சொன்ன பிறகு, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை வந்தது. களை வளர்ந்து தோட்டங்கள் மூடிவிடவில்லை. அது இப்போதும் எங்கேயோ கள்ளத்தனமாகக் கிடைக்கிறது என்று பேசிக்கொள்கிறார்கள்; இருக்கலாம். ஆனால் கோபத்தில் கை நீட்டினால் எட்டும் தூரத்தில், வீட்டு வாசலில், அந்தப் போத்தல் இப்போது இல்லை. தடையிலிருந்து நான் எதிர்பார்ப்பதும் அவ்வளவே. தேடிப்போய் வாங்குகிறவனை எந்தச் சட்டமும் முழுதாகத் தடுக்காது. டியூஷனுக்குப் படியேறும் பிள்ளையின் வழியில் அது நிற்கக்கூடாது.

தடை என்று சொல்லிவிட்டு ஓய்ந்துபோனால் என்ன ஆகும் என்பதையும் பார்க்கவேண்டும். ஜொகூரில் 2016 ஜனவரி 1 முதல் வேப் விற்பனைக்குத் தடை இருக்கிறது. கிளந்தானிலும் நீண்ட காலமாக உண்டு. திரங்கானு 2025 ஆகஸ்ட் 1 முதல் தடை செய்தது. ஆனால் மாநில அரசின் கையில் இருக்கும் முக்கியமான ஆயுதம் கடை உரிமம் மட்டுமே. ஜொகூரில் வாழும் என் உறவினர்கள், கடை மறைந்தாலும் சரக்கு பக்கத்து மாநிலத்திலிருந்து வருகிறது என்கிறார்கள். சிங்கப்பூர் 2018ஆம் ஆண்டிலிருந்து வேப்பை வைத்திருப்பதையே குற்றமாக்கியும், 2025இல் மறுபடியும் தண்டனையைக் கூட்டவேண்டியிருந்தது. எனவே எங்கள் மாவட்டத்தில் மட்டும் உரிமத்தை இரத்துசெய்தால் போதாது. நாடு முழுவதற்கும், இறக்குமதிக்கும் தயாரிப்புக்கும் சேர்த்தே தடை வரவேண்டும். தடை வருமா என்பதைவிட எப்போது வரும் என்பதே கேள்வி என்ற பொருளில் சுகாதார அமைச்சர் சுல்கிப்ளி அகமாட் 2025இல் பேசியது எனக்கு நம்பிக்கை அளித்தது.

அந்த லாரி ஓட்டுநருக்கு என்ன வழி என்று கேட்பவர்களுக்கு, அரசு சுகாதார கிளினிக்குகளில் புகையை நிறுத்த உதவும் பிரிவு இருக்கிறது, நிக்கோட்டின் ஒட்டு, சுவிங்கம், மாத்திரை, ஆலோசனை எல்லாம் கிடைக்கும் என்று எளிதாகப் பதில் சொல்லிவிடலாம். சேவை நல்லது, வேப்பை விட விரும்புகிறவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆனால் அது அலுவலக நேரத்தில் இயங்குகிறது. விடியுமுன் வருகைப் பதிவான பெரட்டுக்குப் போய் மதியத்துக்குமேல் திரும்பும் தோட்டத் தொழிலாளியும், பன்னிரண்டு மணிநேர ஷிப்ட் முடித்து வரும் தொழிற்சாலைத் தொழிலாளியும் அந்த நேரத்தில் முன்பதிவு செய்து போவது கடினம். வேப் கடையோ இரவு பத்து மணிவரை திறந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. தடை வரும் நாளிலேனும், வாரத்தில் ஒரு மாலை நேரத்தில் இந்தப் பிரிவு தோட்டப்புறத்துக்கே வரவேண்டும். முன்பு ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு மருந்தகம் இருந்தது. அது மூடப்பட்ட இடங்களில் அந்த வேலையை இன்று செய்பவர் யாரும் இல்லை.

இந்தக் கடைக்குப் போகலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு என் மதிப்பீடு இதுதான். ஏற்கெனவே சிகரெட் பிடிப்பவர், கிளினிக் உதவியோடு முயன்றும் விடமுடியாதவர் என்றால், முகவரியும் எச்சரிக்கையும் சரியாக அச்சான குப்பியை மட்டும் கேட்டு வாங்குங்கள். நிக்கோட்டின் அளவைப் படிப்படியாகக் குறைத்து, அதையும் விடுவதற்கு ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். சிகரெட்டையும் இதையும் சேர்த்துப் பிடித்தால் உங்களுக்கு இலாபம் ஒன்றுமில்லை. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் குப்பியைப் பூட்டி வையுங்கள். அதை விழுங்கும் குழந்தைக்கு உயிராபத்து உண்டு. சிகரெட் பிடிக்காதவர் அந்தக் கதவைத் திறக்கவேண்டாம். துப்புரவுக்கும் பணிவுக்கும் வயதுச் சோதனைக்கும் நான் அந்தக் கடைக்கு நல்ல மதிப்பெண் கொடுப்பேன்; விற்கும் பொருளுக்குக் கொடுக்கமாட்டேன்.

இவற்றையெல்லாம் உரிமையாளரிடம் நேரிலேயே சொன்னேன். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்து, இருந்த சேமிப்பையெல்லாம் போட்டு இந்தக் கடையைத் தொடங்கியவர் அவர். கோபப்படாமல் கேட்டார். தடை வருமென்றால் வரட்டும், ஆனால் இந்த மாதம் சொல்லி அடுத்த மாதம் மூடச் சொல்லாமல், தேதியை முன்கூட்டியே அறிவிக்கவேண்டும், கையிருப்புச் சரக்கை என்ன செய்வது என்றும் சொல்லவேண்டும் என்பதே அவருடைய கோரிக்கை. அது நியாயமானது. எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கம் சட்டமன்ற உறுப்பினருக்கு அனுப்பவிருக்கும் மனுவில், நாடளாவிய தடையும் கிளினிக்கின் மாலை நேரச் சேவையும் கேட்கும் வரிகளுக்கு அடுத்ததாக அவருடைய கோரிக்கையையும் சேர்த்திருக்கிறோம்.